அயலார் உணவும் நம் அடுப்பங்கரையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் பழைய நாணயங்களையும் தேடிச் செல்வர். அந்நாட்டு மக்களின் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. அரசர்கள் வென்ற போர்களைக் கல்வெட்டுகள் சொல்லும். எந்த மக்கள் எவ்வூருக்குப் பிழைக்கச் சென்றார்கள், யார் வீட்டில் பெண் எடுத்தார்கள், எத்தகைய பஞ்சத்தைக் கண்டார்கள் என்பனவற்றையெல்லாம் அவர்கள் உண்ணும் உணவு சொல்லும்.

இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும், ஏன், நம் குறிஞ்சிப்பாடியைப் போன்ற சிற்றூர்களிலுங்கூட, ஷவர்மா, மந்தி, நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸ் என்ற பெயர்ப்பலகைகளைக் காண்கிறோம். இளைஞர்கள் அவற்றை ஆவலுடன் நாடுகின்றனர். பெரியவர்களோ, "இவையெல்லாம் நம் உணவா?" என்று முகம் சுளிக்கின்றனர். ஆவல் கொள்வோரும் சுளிப்போரும் ஒரு வினாவை எழுப்ப மறந்துவிடுகின்றனர். இவ்வுணவை முதன்முதலில் சமைத்த மக்கள் யார்? அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், இன்று எப்படி வாழ்கிறார்கள்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், நமது உணவு என்று நாம் உரிமை கொண்டாடுவனவற்றிலும் பல ஒரு காலத்தில் அயலார் உணவாக இருந்தவையே என்பது புலப்படும்.

நோன்புக் கஞ்சி சொல்லும் செய்தி

ரமளான் மாதத்து மாலைப்பொழுதில் தமிழகத்துப் பள்ளிவாசல்தோறும் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியைவிட நமக்கு நெருக்கமான உணவு வேறு எது? அரபு நாட்டார் பேரீச்சம்பழத்தோடும் ஹரீஸோடும் நோன்பு திறக்கத் தமிழ் முஸ்லிம்கள் தம் மண்ணின் கஞ்சியோடு நோன்பு திறக்கின்றனர். சாதி சமய வேறுபாடின்றி அக்கம்பக்கத்தாரும் தூக்குவாளியுடன் வந்து வாங்கிச் செல்வது நம் ஊர்களில் வழக்கமான காட்சியாகும்.

அந்தக் கஞ்சி அண்டாவுக்குள் சேர்வனவற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் இந்நாட்டு விளைபொருள்கள். இஞ்சி ஆசியாவின் தென்பகுதிக்கு உரியது. ஏலக்காய் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. பட்டை இலங்கைத் தீவின் கறுவா மரத்திலிருந்து உரிக்கப்படுவது. வெந்தயமும் கொத்தமல்லியும் மேற்காசியப் பகுதியிலிருந்து பரவியவை. பூண்டின் தாயகம் நடு ஆசியா. பச்சை மிளகாயும் தக்காளியும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலுள்ள அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கிராம்போ இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே பன்னூறு ஆண்டுகள் விளைந்த ஒரு மரத்தின் மொட்டு.

ஆக, ஒரு குவளைக் கஞ்சியில் நான்கு திசை நாடுகளும் கலந்துள்ளன. இவற்றுள் ஒவ்வொன்றும் இங்கு வந்த முதல் நாளில் புதுமையானதாகவே இருந்திருக்கும். மிளகாய் என்னும் பெயரே அதற்குச் சான்று. தமிழர்கள் அறிந்திருந்த காரப்பொருள் மிளகு. போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின்னர் அறிமுகமான காரமான காய்க்கு, மிளகைப் போன்ற காய் என்னும் பொருள்படப் பெயரிட்டனர் நம் முன்னோர். அறியாத ஒன்றை அறிந்த ஒன்றின் பெயரால் அழைத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டனர். இன்று மிளகாய் இல்லாத தமிழர் சமையலை எவரேனும் எண்ணிப் பார்க்க இயலுமா?

நெசவாளர் தறியும் கிராம்பு மரமும்

கிராம்பும் ஜாதிக்காயும் இக்கரைக்கு எப்படி வந்தன? அவற்றுக்கு விலையாகச் சென்ற பண்டங்களுள் முதன்மையானது துணி. சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட பருத்தித் துணிகளுக்கு மலாய், ஜாவா, மலுக்குத் தீவுகளில் பெரும் மதிப்பு இருந்தது. அங்கு நாணயத்தைவிடத் துணியையே விரும்பிப் பெற்றனர். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் பண்டகசாலை அமைத்ததன் நோக்கம், இங்கே துணி வாங்கி அங்கே நறுமணப் பொருள்களுக்கு மாற்றுவதேயாகும். கைத்தறிக்கும் கைலிக்கும் பேர்பெற்ற குறிஞ்சிப்பாடியில் வாழும் நமக்கு இச்செய்தி அந்நியமானதாகத் தோன்றாது. தறிக்குழியில் அமர்ந்து நெய்தவரின் உழைப்பே கடல் கடந்து சென்று கிராம்பாகத் திரும்பி வந்தது.

இவ்வணிகத்திற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. நெய்ச்சோற்றிலும் பிரியாணியிலும் நாம் சேர்க்கும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அக்காலத்தில் பண்டா என்னும் சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தில் மட்டுமே விளைந்தன. அதனைத் தமக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று வற்புறுத்திய ஒல்லாந்துக் கம்பெனி, 1621இல் யான் பீட்டர்சூன் கூன் என்பவர் தலைமையில் அத்தீவுகளின்மீது படையெடுத்தது. சுமார் பதினைந்தாயிரமாக இருந்ததாக மதிப்பிடப்படும் பண்டா மக்களுள் மிகச் சிலரே அங்கு எஞ்சினர். மற்றவர்கள் கொல்லப்பட்டனர், பட்டினியால் மாண்டனர், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர், சிலர் தப்பியோடினர். நம் சட்டியில் மணக்கும் ஒரு துண்டு ஜாதிபத்திரிக்குப் பின்னால் ஒரு மக்கள் கூட்டத்தின் அழிவு இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

சோற்றால் சலித்துப்போன பயணி

அயலார் உணவைக் கண்டு திகைப்பது நமக்கு மட்டும் நேர்வதன்று. நம் உணவைக் கண்டு அயலாரும் திகைத்துள்ளனர். மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் பிறந்த இப்னு பதூதா, 1340களில் மலபார், மாலத்தீவு, இலங்கை, மஅபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரை ஆகிய பகுதிகளில் பயணம் செய்தார். 1355இல் நிறைவுபெற்ற அவரது பயணநூல் உணவுச் செய்திகள் நிறைந்தது. இன்றைய கர்நாடகக் கரையிலுள்ள ஹொன்னாவரின் சுல்தான் அளித்த விருந்தை அவர் விரிவாக விவரிக்கிறார். முதலில் சோறும் நெய்யும், அவற்றோடு மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள், பின்னர் கோழியும் மீனும், நிறைவாகத் தயிர் என்று அவ்விருந்து ஒழுங்காக அமைந்திருந்தது.

ஆயினும் அவர் கோதுமை ரொட்டி உண்டு வளர்ந்தவர். இப்பகுதிகளில் மூன்று ஆண்டுகள் சோற்றைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல், இறுதியில் தண்ணீரின் துணையின்றிச் சோறு தொண்டையில் இறங்காத நிலைக்கு ஆளானதாக அவரே குறிப்பிடுகிறார். நாம் அமுதமெனப் போற்றும் சோறு அவருக்குச் சலித்துவிட்டது! எனினும் அவர் அதனை இகழவில்லை. எந்த ஊரில் எதை, எந்த வரிசையில், யார் பரிமாற உண்டார் என்பதைப் பொறுப்போடு பதிவு செய்தார். அப்பதிவால்தான், ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் இக்கரைகளில் விருந்து எவ்வாறு படைக்கப்பட்டது என்பதை நாம் இன்று அறிகிறோம். அயலார் உணவை அணுகுவதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமோ?

பரங்கியர் கொணர்ந்ததும் கொண்டுசென்றதும்

குறிஞ்சிப்பாடிக்குத் தென்கிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. முகமது பந்தர் என்று முஸ்லிம்களாலும், போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம் என்று போர்ச்சுக்கீசியராலும் அழைக்கப்பட்ட பழம்பெரும் பட்டினம் அது. ஒரே ஊருக்கு வழங்கிய இம்மூன்று பெயர்களே அங்கு எத்தகைய மக்கள் கூடினர் என்பதைக் காட்டும்.

போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரங்களுள் ஒன்று முந்திரி. அதன் தாயகம் பிரேசில். அந்நாட்டுப் பழங்குடியினரான துப்பி மக்களின் சொல்லிலிருந்தே போர்ச்சுக்கீசியரின் கஜு என்னும் சொல் பிறந்தது. இலங்கைத் தமிழர் இன்றும் அதனைக் கஜு என்றே வழங்குகின்றனர். மலாய் மொழியில் அது காஜுஸ் ஆயிற்று. இன்றோ, பண்ருட்டி என்றதும் முந்திரி நினைவுக்கு வருமளவிற்கு நம் மாவட்டத்துச் செம்மண் காடுகளில் அது வேரூன்றியுள்ளது. விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வி.ஆர்.ஐ. இரகங்கள் பிற பகுதிகளிலும் பயிரிடப்படுகின்றன. பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் உணவுப்பொருள், நம் மாவட்டத்துப் பல்லாயிரம் பெண்களுக்குக் கொட்டை உடைத்துக் கூலி பெறும் தொழிலைத் தந்திருக்கிறது.

கொணர்ந்தவர் வெறுங்கையோடு திரும்பவுமில்லை. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் கஞ்சி என்னும் சொல் அவர்களோடு கப்பலேறியது. கோவாவில் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் வெளியிட்ட தம் நூலில் நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சியைக் குறிப்பிட்டுள்ளார். இன்று போர்ச்சுக்கல்லிலும் பிரேசிலிலும் நோயுற்றவருக்குத் தாய்மார்கள் காய்ச்சிக் கொடுக்கும், கோழியும் அரிசியும் சேர்ந்த நீராகாரத்திற்குக் கான்ஜா என்றே பெயர். ஆங்கிலேயரும் அச்சொல்லைக் கான்ஜி என்று எடுத்துக்கொண்டு, சீனரின் அரிசிக் கூழையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். பிரேசில் நமக்கு முந்திரி தந்தது. நாம் பிரேசிலுக்குக் கஞ்சியைத் தந்தோம். தந்தவர் பெயரை இருதரப்பாரும் மறந்துவிட்டோம்.

பரங்கிப்பேட்டையிலிருந்து பினாங்குக்கு

1786இல் ஆங்கிலேயர் மலாய் நாட்டின் பினாங்குத் தீவில் துறைமுகம் அமைத்தனர். அங்கு சென்று குடியேறிய தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராக விளங்கியவர் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகைதீன் மரைக்காயர். கப்பித்தான் என்னும் தலைமைப் பட்டம் பெற்ற அவர், 1801இல் ஜார்ஜ் டவுன் நகரில் தோற்றுவித்த பள்ளிவாசல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்ற பெயரால் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் அது அடங்கியுள்ளது.

செல்வந்தரான மரைக்காயர்கள் பள்ளிவாசல் எழுப்பினர். அவர்களைத் தொடர்ந்து சென்ற ஏழைகளோ ஓர் உணவைப் படைத்தனர். அதுவே நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித்தண்டு. ஒரு முனையில் சோற்றுக் கூடையும் மறுமுனையில் கறி, மீன் குழம்புச் சட்டிகளும் தொங்க, விடியற்காலையில் துறைமுகக் கரைக்குச் சுமந்துசென்று, மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கு விற்றனர் தமிழ் முஸ்லிம்கள். பல குழம்புகளை ஒன்றாக ஊற்றிச் சோறு மூழ்கும்படி பரிமாறுவதை அங்கு பஞ்சிர், அதாவது வெள்ளம் என்பர். 1907இல் தொடங்கப்பட்ட ஹமீதிய்யா உணவகம் பினாங்கில் இன்றும் நாசி கண்டாருக்குப் பேர்பெற்று விளங்குகிறது. மலேசியர் அனைவரும் தம் நாட்டு உணவெனப் பெருமை கொள்ளும் இதன் பெயரிலேயே தோள் தேய்ந்த உழைப்பாளியின் காவடி தங்கியிருக்கிறது.

சென்றவர்கள் தம் சமையலைத் தந்ததோடு அமையவில்லை. பிறரிடம் கற்கவும் செய்தனர். சீனரின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, பன்றி இறைச்சியை விலக்கி, மிளகாயும் உருளைக்கிழங்கும் சேர்த்து வறுத்து மீ கோரெங் ஆக்கினர். பரோட்டா அங்கே ரொட்டி சானாய் ஆயிற்று. நம் டீக்கடையில் ஆற்றிக் கொடுக்கும் தேநீர், இழுத்த தேநீர் என்னும் பொருள்படத் தே தாரிக் ஆயிற்று. அடுக்கி மடித்தது என்னும் பொருள்தரும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த முர்தபாக், சிங்கப்பூர்ப் பள்ளிவாசல் தெருக்களில் தென்னிந்திய முஸ்லிம்களின் கைவண்ணத்தால் புகழ்பெற்றது. மலாய்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கியவர்களின் வழித்தோன்றல்களான ஜாவி பெரானாக்கான் மக்களின் வீடுகளில், மலாய்த் தாயின் கைப்பக்குவமும் தமிழ்த் தந்தையின் மசாலாவும் ஒரே சட்டியில் கலந்தன.

சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாட்டை 2020இலும், ரொட்டி சானாய், தே தாரிக் உள்ளிட்ட மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை 2024இலும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களாக ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டிலும் நம் கரையோர மக்களின் வியர்வைக்குப் பங்குண்டு.

நாடு கடத்தப்பட்டோரும் நாடு இழந்தோரும்

வணிகத்தால் பரவிய உணவுகள் ஒருபுறமிருக்க, துயரத்தால் பரவிய உணவுகளும் உள்ளன. இலங்கை முஸ்லிம்களின் பெருநாள் விருந்தில் தவறாது இடம்பெறும் வட்டிலப்பம், தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி ஆகியன சேர்த்து ஆவியில் வேகவைக்கப்படுவது. நம் கரையோரத்து ஊர்களிலும் அறியப்பட்ட இவ்வினிப்பை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் மலாய் மக்களே என்பது பொதுவான கருத்து. ஒல்லாந்தர் ஆட்சியில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து நாடு கடத்தப்பட்ட இளவரசர்களும், படைவீரராகக் கொண்டுவரப்பட்டவர்களும் அம்மக்களின் முன்னோராவர். நாட்டை இழந்தவர்கள் நாவின் நினைவை மட்டும் உடன்கொண்டு வந்தனர்.

பர்மாவிலிருந்து வந்த தமிழர் கதையும் அத்தகையதே. 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964இல் கடைகளும் வணிகங்களும் அரசுடைமையாக்கப்பட்டபோது, இலட்சக்கணக்கான இந்தியர்கள் உடைமைகளை இழந்து கப்பலேறினர். அவர்களுள் பலர் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் அத்தோ விற்கத் தொடங்கினர். நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, புளிக்கரைசல் ஆகியவற்றைக் கையால் பிசைந்து, வாழைத்தண்டு சூப்புடன் தருவது அத்தோ. வழிப்போக்கருக்கு அது மாலைநேரத்துச் சுவைப்பண்டம். விற்பவருக்கோ, இரங்கூனில் விட்டுவந்த வீட்டின் நினைவு. அகதியாக வந்த நாட்டில் பிள்ளைகளைப் படிக்கவைத்த முதல்.

மந்தியை அறிவோம், ஏமனை அறிவோமா?

வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம் சகோதரர்கள் அண்மைக் காலத்தில் கொண்டுவந்த சுவைகள் மந்தியும் கப்ஸாவும் ஷவர்மாவும் ஆகும். ஷவர்மா என்பது சுழற்றுதல் என்னும் பொருளுடைய துருக்கிச் சொல்லின் அரபு வடிவம். மந்தியோ ஏமன் நாட்டின் ஹளரமவ்த் பகுதிக்கு உரியது. நிலத்தில் தோண்டிய குழியடுப்பில், இறைச்சியின் கொழுப்பும் சாறும் கீழுள்ள சோற்றில் சொட்டச் சொட்ட மெல்ல வேகவைப்பது அதன் முறை. ஹளரமவ்த் மக்கள் ஜாவாவுக்கும் மலபாருக்கும் ஹைதராபாத்துக்கும் சென்று குடியேறியவர்கள். நிஜாமின் படையில் பணிபுரிந்த அவர்களின் வழியினர் ஹைதராபாத்தின் பார்க்கஸ் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். அங்கு மந்திக் கடைகள் நிறைந்துள்ளன.

பெரிய தாம்பாளத்தைச் சுற்றி ஐவர் அறுவர் அமர்ந்து மந்தி உண்ணும் இளைஞர்களே! அதன் தாயகத்தின் நிலை என்ன? 2014இல் மூண்ட உள்நாட்டுப் போர் ஏமனைச் சிதைத்தது. 2018இல் ஐக்கிய நாடுகள் சபை அதனை உலகின் மிகக் கொடிய மனிதாபிமான நெருக்கடி என்றே வருணித்தது. உலகுக்கு விருந்து கற்பித்த நாட்டில் குழந்தைகள் எலும்பும் தோலுமாக மடிந்தனர். உணவு ஆகுமானதா என வினவுவது நம் கடமை. அது யாருடைய உணவு, அவர்கள் எவ்வாறு இருக்கிறார்கள் என வினவுவது நம் பண்பு. பின்னதை மறந்தால் நாம் உண்பது வெறும் சோறும் இறைச்சியுமே. அம்மக்களோடு நமக்கு எந்த உறவும் ஏற்படாது.

நாம் செய்ய வேண்டுவது

மேற்கூறிய வரலாற்றில் நம் முன்னோரின் பங்கு பெரிது. ஆனால் அது பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கிறது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இரங்கூனுக்கும் கொழும்புக்கும் சென்றவர்கள் கொண்டுவந்த சமையல் முறைகள் நம் வீட்டுப் பெரியம்மா, பாட்டிமார்களின் கைப்பழக்கத்திலும் நினைவிலும் மட்டுமே தங்கியுள்ளன. ஒரு கை ஓயும்போது ஒரு வரலாறும் ஓய்ந்துவிடுகிறது. அளவுகளை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. இப்பக்குவத்தை யார் கொண்டுவந்தார், எந்த ஊரில் கற்றார், அங்கு என்ன வேலை செய்தார், எந்த ஆண்டு திரும்பினார் என்பனவற்றையும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பள்ளி, கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் இப்பணியை மேற்கொள்ளலாம். அவ்வாறு திரட்டியவற்றை ஆண்டுதோறும் இம்மலரில் வெளியிட்டால், சில ஆண்டுகளில் அது நம் ஊரின் பயண வரலாறாகவே அமைந்துவிடும்.

மற்றொன்றும் உண்டு. அயலார் உணவை இகழ்ந்து பேசும் பழக்கத்தை நம் பிள்ளைகளிடம் வளர விடலாகாது. நமக்கு விலக்கப்பட்டதை நாம் உண்பதில்லை. அதற்காக அதனை உண்போரைத் தாழ்வாக எண்ண வேண்டியதுமில்லை. நம் வீட்டு உணவைப் பிறர் ஏளனம் செய்யும்போது நமக்கு எத்துணை வலிக்கிறதோ, அத்துணை வலி அவர்களுக்கும் உண்டு. வேற்று மாநிலத்திலிருந்து நம் பகுதிக்கு வேலைக்கு வந்துள்ள தொழிலாளர்கள் என்ன உண்கிறார்கள், அவர்கள் ஊர்ச் சமையல் எத்தகையது என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா? பினாங்குத் துறைமுகத்தில் காவடி சுமந்த நம்மவரின் நிலைதான் இன்று அவர்களின் நிலை.

நம் வட்டத்திலேயே உள்ள வடலூரில் 1867ஆம் ஆண்டு இராமலிங்க அடிகளார் ஏற்றிவைத்த தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து, வருவோர் யாவரென வினவாது பசி தீர்த்து வருகிறது. ரமளானில் நம் பள்ளிவாசலின் அண்டாவும் அவ்வாறே யாரையும் விலக்குவதில்லை. பசித்தவருக்குக் கொடுப்பதில் இம்மண் சிறந்து விளங்குகிறது. நமக்குச் சமைத்துத் தந்தவர் யார், அவர் எந்நாட்டார், அவர் பட்ட பாடு என்ன என்று கேட்டறிவதிலும் நாம் சிறந்து விளங்குவோமாக.